முப்பத்தொரு துணிகள்

ரத்தக் கறை பட்ட துணியை வெந்நீரில் போடக்கூடாது. போட்டால் கறை நூலுக்குள் இறங்கி நின்றுவிடும். ஈரம் காய்வதற்குள் பச்சைத் தண்ணீரில் அலசிவிட வேண்டும். சோப்பெல்லாம் அதற்கப்புறம்தான். எனக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும். எனக்கு இது தெரிந்திருந்ததால்தான், என் மூத்த மகள் எவ்வளவு ரத்தம் இழந்தாள் என்பது அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாமல் போனது.

இந்த ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்கு நாலரை வருடம் பிடித்தது. சொன்ன பிறகு என்ன நடந்தது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு ராஜபாளையத்தின் கிழக்குக் கோடியில், சத்திரப்பட்டிச் சாலையை ஒட்டி இருக்கிறது. வீட்டோடு சேர்ந்த ஷெட்டில் நாலு தறி. அவற்றில் ஓடுவது சேலையோ வேட்டியோ இல்லை, பேண்டேஜ் துணி. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளுக்கு அதுதான் சோறு. தறிகளை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். துணியைப் பார்ப்பது, வெட்டுவது, மடிப்பது, கட்டுவது என் வேலை. அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள் நான். வாத்தியாராக ஆசைப்பட்டேன், நடக்கவில்லை. இருபது வருடம் துணி பார்த்ததில், ஒரு துண்டைக் கையில் வாங்கினால் எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவேன். இழை விட்டுப்போன துணியை விற்க முடியாது. அதை வெட்டி, வெந்நீரில் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, நாலாக மடித்துத் தைத்து வைப்போம். எங்கள் தெருவில் பிரசவம் என்றால் அந்தத் துணிதான் முதலில் போகும்.

எண்பதுகளின் நடுவில் மூத்தவளை வன்னியம்பட்டியில் கட்டிக் கொடுத்தோம். தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் வந்தாள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, இரண்டு ஊர் வியாபாரிகளும் ஆலைக்காரர்களும் சேர்ந்து கமிட்டி போட்டு நடத்திய ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. பதினாறு கட்டில், ஒரு டாக்டரம்மா, நாலு சிஸ்டர்கள். இப்போது அந்தக் கட்டடம் கல்யாண மண்டபமாகிவிட்டது. பெயர் வேண்டாம்.

நாங்கள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். கையோடு நாற்பது துணி மடித்து எடுத்துப் போனேன். புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கஷ்டமில்லாத பிரசவம். டாக்டரம்மா என் தோளைத் தட்டிவிட்டு, ராஜபாளையத்தில் கமிட்டி நடத்திய இன்னொரு கிளினிக்குக்குக் கிளம்பிப் போனார். புதன்கிழமை என்றால் அவர் அங்கேதான்.

மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். "பொண்ணுதானா? நல்லதாப் போச்சு எம்மா, ஒனக்குத் துணி மடிக்க ஆள் கெடச்சாச்சு" என்றாள்.

"ஏட்டி, வாயை மூடிட்டுச் செத்த நேரம் கண்ணசரு" என்றேன்.

கால்களுக்கு இடையில் வைத்திருந்த துணி நனைந்திருந்தது. எடுத்துவிட்டுப் புதுசு வைத்தேன். வார்டுக்குப் பின்னால் ஒரு குழாய் இருந்தது. கறை நிற்கக் கூடாதே என்று உடனே கொண்டுபோய் அலசிப் பிழிந்து, வேலிக்கம்பியில் காயப்போட்டேன். திரும்பி வந்தால் அடுத்ததும் நனைந்திருந்தது. அதையும் எடுத்தேன். பிள்ளை பெற்றவளுக்கு ரத்தம் போகத்தான் செய்யும். என் நினைப்பெல்லாம் ஒன்றில்தான் இருந்தது: அந்த வெள்ளைத் துணியில் ஒரு கறை நிற்கக் கூடாது, என் மகள் படுத்திருக்கும் கட்டிலில் ஒரு சொட்டு அசிங்கம் இருக்கக் கூடாது. பேண்டேஜ் துணி நெய்கிறவளின் மகள் அழுக்கில் கிடந்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

பெரிய சிஸ்டர் மணிக்கு ஒரு தடவை வந்து போர்வையை விலக்கிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அவர் பார்த்தது நான் அப்போதுதான் வைத்த துணி. அதில் ரூபாய் அகலத்துக்கு ஒரு சிவப்பு. "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அட்டையில் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். வார்டைக் கூட்டிப் பெருக்கும் ஆயாம்மா மட்டும் குழாயடியில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தாயி, இம்புட்டு சுத்தமா எந்த ஆத்தாளும் மகளை வச்சுக்கிட்டதில்ல. எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

மகள் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். திரும்பக் கேட்டாள். கண்ணைக் கட்டுகிறது என்றாள். "பெத்த ஒடம்பு அப்படித்தான் இருக்கும்" என்றேன். ஒரு மணிக்கு மேல் தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டாள். தூங்குகிறாள் என்று நினைத்து, அந்த நேரத்திலும் இரண்டு துணி அலசிவிட்டு வந்தேன்.

இரண்டு மணிக்குப் பெரிய சிஸ்டர் வந்து கையைப் பிடித்தார். இமையைப் பிரித்துப் பார்த்தார். உடனே ஓடினார். அதற்கப்புறம் ஒரே ஓட்டம்தான். டாக்டரம்மாவுக்குப் போன் பண்ண வேண்டும். போன் கமிட்டிச் செயலாளர் அறையில் இருந்தது. டயலில் ஒரு சின்னப் பூட்டுத் தொங்கியது. சாவி குமாஸ்தாவிடம், குமாஸ்தா சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தார். ஒரு சிஸ்டர் வெறுங்காலோடு சாலைக்கு ஓடி, மரக்கடையில் கெஞ்சிப் போன் பண்ணினாள். டாக்டரம்மா வந்து சேர்ந்தபோது மணி மூன்று தாண்டிவிட்டது. ரத்தம் வேண்டும் என்றால் மதுரைக்குத்தான் போக வேண்டும். கார் பிடித்தோம். கிருஷ்ணன்கோவில் தாண்டி இரண்டாவது மைல் கல்லில் டாக்டரம்மா டிரைவரை நிறுத்தச் சொன்னார்.

இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத மாட்டேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரி மூட்டையைப் பிரித்தேன். வேலிக்கம்பியில் காய்ந்த துணிகளை யாரோ அப்படியே சுருட்டி வைத்திருந்தார்கள். தொழில் பழக்கம், கை தானாக எண்ணியது. மடிப்புக் கலையாதது ஒன்பது. அலசிக் காய்ந்தது முப்பத்தொன்று. ஒன்றில்கூடக் கறை இல்லை. அத்தனையும் வெள்ளைவெளேர் என்று இருந்தன.

அவற்றைத் தகரப்பெட்டியில் போட்டுப் பூட்டினேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. குழந்தை எங்களிடமே வளர்ந்தது. தத்தித் தத்தி நடந்துபோய் தகரப்பெட்டியைத் தட்டித் தாளம் போடும். நான் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

நாலு வருடம் கழித்து இளையவளுக்குக் கல்யாணம். அவள் ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் இருந்தாள், மாப்பிள்ளையும் அதே மில். அடுத்த ஆடிக்குள் உண்டாகிவிட்டாள். பிரசவத்துக்கு அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன் என்றாள்.

"அங்கயா?" என்றேன்.

"வேற எங்க போகச் சொல்லுத? டாக்டரம்மா கை நல்ல கைன்னு மில்லுல எல்லாரும் சொல்லுதாக. அக்காளுக்கு விதி, அம்புட்டுத்தான்."

எதிர்த்துப் பேச என்னிடம் காரணம் இருந்தது, சொல்ல வாய் இல்லை. அதற்குப் பதிலாகத் தினமும் காலையில் அவளைப் பிடித்து வெளிச்சத்தில் நிறுத்தி, கீழ் இமையை இழுத்து, உள்ளே ரத்தச் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் தட்டில் குவிப்பேன். மில் பஸ் ஐந்து நிமிடம் தாமதித்தால் தெருமுனையில் போய் நிற்பேன்.

"எம்மா, நான் என்ன சந்தை மாடா? தெனமும் கண்ணைப் பிரிச்சுப் பாக்க? பல்லையும் எண்ணிரு" என்பாள்.

அவளுக்கு ஆறாவது மாதம். சோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். பேத்தியைப் பள்ளியில் சேர்க்கப் பிறந்த சான்று வேண்டியிருந்தது. குமாஸ்தாவிடம் கேட்டேன். அவர் மூத்தவளின் ஃபைலை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, எதையோ தேடி உள்ளே போனார். நான் திறந்தேன். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

பதினோரு மணி, ரத்தப்போக்கு சாதாரணம். பன்னிரண்டு மணி, சாதாரணம். ஒரு மணி, சாதாரணம். நாடித் துடிப்பு என்ற கட்டம் மூன்று இடத்திலும் காலியாகக் கிடந்தது. கடைசித் தாள் தமிழில் இருந்தது. மரணம் குறித்த ஆய்வுக் கூட்டம் என்று தலைப்பு. அவள் செத்த மறுநாள் தேதி. தாய்க்கு முன்பே ரத்தசோகை இருந்திருக்கலாம் என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஒரே ஒரு சொல்: 'தவிர்க்க இயலாதது.' மூன்று கையெழுத்து, வட்ட முத்திரை.

நாங்கள் அவளுக்குத் தீ வைத்த நாளில் இவர்கள் கூட்டம் போட்டு முடித்திருக்கிறார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சொல்லைப் படித்ததும் முதலில் எனக்கு மூச்சு லேசானது. தவிர்க்க முடியாதது என்றால் நான் அலசினது ஒன்றும் காரணம் இல்லை. நாலரை வருடமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று நான் ஏங்கினதை முத்திரை குத்தி வைத்திருந்தார்கள். ஃபைலை மூடிவிட்டுப் போயிருக்கலாம். நிமிர்ந்து பார்த்தேன். எதிர்ச் சுவரோரம் வரிசையில் இளையவள் நின்றிருந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை வயிற்றில். கர்ப்பிணிகள் பதினைந்து பேர் இருந்தார்கள். மூத்தவளுக்குத் தவிர்க்க முடியாதது என்றால் இவளுக்கும் தவிர்க்க முடியாதுதானே? மறுபடியும் மறுநாள் கூட்டம் போட்டு, அதே சொல்லை எழுதி, முத்திரை குத்துவார்கள். சொல் தயாராக இருக்கிறது.

ஃபைலைத் திறந்தபடியே மேஜையில் விட்டேன்.

டாக்டரம்மாவின் அறைக்குள் வரிசையைத் தாண்டி நுழைந்தேன். "என் மூத்த மக செத்ததை நீங்க திரும்ப விசாரிக்கணும். நான் பேசணும்" என்றேன்.

அவருக்கு என்னை அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆனது. முகம் மாறியது. "நாலரை வருஷம் ஆச்சேம்மா" என்றார்.

"சின்னவளுக்கு ஆறு மாசம் ஆச்சு, டாக்டரம்மா."

அவர் பேனாவை மூடினார். மாதக் கடைசியில் கமிட்டி கூடும்போது வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரை ஷெட்டிலிருந்து கூப்பிட்டேன். தகரப்பெட்டியைத் திறந்து காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய் நாலு தறிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார். பட்டப்பகலில் எங்கள் ஷெட் அப்படி அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. அடிப்பாரோ, அழுவாரோ என்று நின்றேன். வெகுநேரம் கழித்து வாசலுக்கு வந்தார்.

"போயிட்டு வா. ஆனா வெறுங்கையோட போகாத. சும்மா சொன்னா பொம்பளை பொலம்புதான்னுதான் சொல்லுவாக. தராசை நான் எடுத்துட்டு வாரேன்" என்றார்.

கூட்டம் செயலாளர் அறையில் நடந்தது. செயலாளர் ஆலை முதலாளி, தும்பைப்பூ வேட்டி. டாக்டரம்மாவும் பெரிய சிஸ்டரும் இருந்தார்கள். மேஜை மேல் அதே போன், அதே பூட்டு. நாங்கள் தட்டுத் தராசையும் எடைக்கல்லையும் ஒரு வாளியையும் தூக்கிக்கொண்டு நுழைந்ததும் செயலாளர் சிரித்துவிட்டார்.

"என்ன தாயி, இது ஆஸ்பத்திரி. ஒங்க பேண்டேஜ் ஷெட்னு நெனச்சிட்டிகளா?"

"ஆயாம்மாவைக் கூப்பிடுங்க, பொறவு சொல்லுதேன்" என்றேன்.

"ஆயாவை எல்லாம் கூட்டத்துக்குக் கூப்பிடுற வழக்கம் இல்லம்மா."

"அன்னைக்கு எம் மக கட்டிலைச் சுத்தி அஞ்சு மணி நேரம் இருந்தது நானும் ஆயாம்மாவுந்தான். எங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு நீங்க யாரைக் கேட்டு எழுதினிய?"

டாக்டரம்மாதான் எழுந்து கதவைத் திறந்து ஆயாம்மாவை அழைத்தார். அவள் உள்ளே வந்து சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

தகரப்பெட்டித் துணிகளை மேஜையில் அடுக்கினேன். காய்ந்த துணி ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தேன். நாற்பது கிராம். அதையே வாளித் தண்ணீரில் முக்கி, சொட்டுவது நின்றதும் வைத்தேன். நூற்று இருபது. "ஒரு துணி எண்பது கிராம் குடிக்கும். இப்படி முப்பத்தொண்ணு. காலையில பத்துல இருந்து ரெண்டு வரைக்கும் நான் இந்தக் கையால எடுத்து, பின்னால குழாயில அலசிப் போட்டது. சில துணி முழுசா நனையல. கழிச்சே பாருங்க, ரெண்டு லிட்டருக்குக் கொறையாது. ஒங்க சீட்டுல சாதாரணம்னு இருக்கு."

"ஒடம்புல இருக்கறதே அஞ்சு லிட்டருக்குள்ளதான்" என்றார் டாக்டரம்மா, யாரையும் பார்க்காமல்.

"தாயி சொல்லுறது நெசம்" என்றாள் ஆயாம்மா. "தண்ணி செவப்பாத்தான் ஓடுச்சு. நாந்தான் வெளக்குமாத்தால தள்ளிவிட்டேன். எங்கிட்ட யாரும் கேக்கல. நானாச் சொல்ல எனக்கு என்ன தெரியும்?"

பிறகு பெரிய சிஸ்டர் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மூணு தடவை வந்தேன். மூணு தடவையும் துணியைப் பார்த்தேன். பிள்ளையைப் பாக்கல. நாடி புடிக்கல. துணி சுத்தமா இருந்துச்சு, பதினஞ்சு பேரு காத்துக் கெடந்தாக, நான் அடுத்த கட்டிலுக்குப் போயிட்டேன்." அவருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். நாலரை வருடம் அவரும் ஒரு பெட்டியைப் பூட்டி வைத்திருந்தார் என்று எனக்குப் புரிந்தது. அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த இடத்தில் பாதி குறைந்தது. முழுதும் குறைந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு வழி கிடைத்துவிட்டது. "அப்படின்னா விஷயம் முடிஞ்சது. ரத்தப் போக்கை மறைச்சது பெத்த தாயே. இதை எழுதிக்கிடலாம் டாக்டர். உறவினர் கவனக்குறைவு."

என் வீட்டுக்காரர் எழுந்தார். அவரை உட்காரச் சொன்னேன்.

"எழுதுங்க ஐயா. கொட்டை எழுத்துல எழுதுங்க. அம்மாக்காரி துணியை அலசினா. அதுக்குக் கீழ, சிஸ்டர் நாடி பாக்கல. அதுக்கும் கீழ, பிரசவம் ஆன வார்டுல அஞ்சு மணி நேரம் டாக்டர் இல்ல, ஏன்னா புதன்கிழமை கமிட்டி வேற எடத்துக்கு அனுப்புது. அதுக்கும் கீழ, இந்தப் பூட்டு." போனைத் தொட்டுக் காட்டினேன். "இதுக்குச் சாவி இல்லாம ஒரு சிஸ்டர் மரக்கடைக்கு ஓடினா. இதையும் எழுதுங்க. என் தப்பைச் சொல்லத்தான் வந்தேன். ஒங்க தப்பையும் சேத்துத் தூக்கிட்டுப் போக வரல."

"யாரு வேணும்னாலும் போன் பேசினா பில்லு யாரு கட்டுறது?" என்றார் செயலாளர். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தவிர்க்க இயலாததுன்னு எழுதியிருக்கியளே, அதை அடிங்க" என்றேன். "எனக்கு வேற எதுவும் வேண்டாம். போலீசுக்குப் போகல, கோர்ட்டுக்குப் போகல. அந்தச் சொல்லு இருக்கற வரைக்கும் இங்க யாரும் எதையும் மாத்த மாட்டிய. அது வேலையை நிறுத்துற சொல்லு. எஞ் சின்ன மகளும் இந்த ஆஸ்பத்திரி வரிசையிலதான் நிக்கா."

முடிந்துபோன ஃபைலில் ஒரு எழுத்தைக்கூட அடிக்க முடியாது என்றார் செயலாளர். டாக்டரம்மா ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அடிக்கவில்லை. ஒரு புதுத் தாளை எடுத்து, அன்றைய தேதி போட்டு, நான் சொன்னதை வரிசையாக எழுதினார். என் தப்பு முதலில், பூட்டுக் கடைசியில். புதன்கிழமை கிளினிக் பற்றிய வரியில் தன் பெயரையும் தானே எழுதினார். கடைசியில் 'தவிர்த்திருக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெரிய சிஸ்டரும் போட்டார். ஆயாம்மா கைநாட்டு வைத்தாள். நானும் போட்டேன். செயலாளர் பேனாவைத் தொடவில்லை.

கிளம்பும்போது வீட்டுக்காரர் தராசைத் தூக்கப் போனார். "இங்கயே இருக்கட்டும்" என்றேன். எங்கள் ஷெட்டில் எடை போட அதற்கப்புறம் வேறு தராசு வாங்கினோம்.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரி ஒரேயடியாக மாறிவிட்டது என்று எழுத எனக்கு ஆசையில்லை, அப்படி நடக்கவும் இல்லை. நனைந்த துணியைப் போட்டு வைக்கக் கட்டிலுக்கடியில் எனாமல் பேசின் வைக்க வேண்டும் என்று பெரிய சிஸ்டர் சொன்னபோது, பார்க்கிறவர்கள் அருவருப்பார்கள் என்று செயலாளர் ஆட்சேபித்தார். சிஸ்டர் கேட்கவில்லை. புதன்கிழமை கிளினிக் தொடர்ந்தது, ஆனால் அன்றைக்குப் பிரசவம் ஆன பெண் வார்டில் இருந்தால் டாக்டரம்மா மத்தியானம் வரை நகருவதில்லை. போன் பூட்டு அடுத்த வாரம் காணாமல் போனது. யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

இளையவளுக்கு மாசியில் வலி வந்தது. அவளிடம் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தேன். மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். நாலாவது நாள் காலையில் தானாக வந்து வெளிச்சத்தில் நின்று, "பாரு" என்று கீழ் இமையை இழுத்துக் காட்டினாள்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஆண் குழந்தை. நான் கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். துணி நனைந்தது. மாற்றினேன். எடுத்த துணி கையில் இருந்தது. அப்போது என் கால்கள் என்னைக் கேட்காமல் எழுந்தன. பின்வாசலுக்கு நாலு எட்டு வைத்துவிட்டேன்.

"எம்மா! எங்க போறிய? அதைக் கீழ பேசின்ல போடுங்க!"

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு சிஸ்டர். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது.

"கறை நின்னுரும்" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"நின்னா நிக்கட்டும். எண்ணி எடை போடாம இங்க எந்தத் துணியும் வெளிய போகாது. வயசான ஆளு, சொன்னா கேக்க மாட்டியளா?"

கட்டிலில் கிடந்தவள் சிரித்தாள். "நல்லா வையுங்க சிஸ்டர். எங்க அம்மாவை வைய ஆளே இல்ல."

நான் திரும்பி வந்து துணியைப் பேசினில் போட்டேன். சிவப்பு அப்படியே தெரிய, எல்லோரும் பார்க்க அது அங்கே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது போல ஒரு கடினமான வேலையை நான் செய்ததில்லை. இரண்டு, மூன்று, நாலு. எங்கள் தராசு வார்டு மூலையில் ஸ்டூல் மேல் இருந்தது. ஆறாவது துணியை வைத்த அந்தச் சின்ன சிஸ்டர், எடைக்கல்லைத் தட்டில் வைத்தபடியே வாசலைப் பார்த்துக் கத்தினாள். டாக்டரம்மா வந்தார். வயிற்றை அழுத்திப் பிடித்துத் தேய்த்தார். ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். நாடியைப் பிடித்த விரலை ஒரு மணி நேரம் யாரும் எடுக்கவில்லை. ஏழாவது துணி பாதிதான் நனைந்தது. எட்டாவதில் கொஞ்சம். ஒன்பதாவது துணியில் ரூபாய் அகலம். இந்தத் தடவை அந்த ரூபாய் அகலம் உண்மையானது.

மகள் தண்ணீர் கேட்டாள். பிறகு இட்லி கேட்டாள்.

நாலு மணி வாக்கில் செயலாளர் வார்டைச் சுற்றி வந்தார். கட்டிலருகே நின்று, "பாத்திகளா தாயி, நம்ம ஆஸ்பத்திரி எப்படி! ஆண்டு விழாவுல வந்து நாலு வார்த்தை பேசணும் நீங்க" என்றார்.

"பேசுதேன். அந்தத் தாள்ல ஒங்க கையெழுத்துக்கு எடம் விட்டிருக்கு. போட்டுட்டுச் சொல்லி அனுப்புங்க" என்றேன்.

ஆண்டு விழாவுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. நல்லதுதான். கைதட்டி முடித்து வைக்கிற கதையாக என் மகளைக் கொடுக்க நான் தயாராக இல்லை.

சாயங்காலம் சின்ன சிஸ்டர் பேசினைத் தூக்கி என்னிடம் நீட்டினாள். "எடுத்துக்கிடுங்க, இப்ப அலசலாம். ஒம்பது. எழுதியாச்சு." கையில் நீளமான நோட்டு இருந்தது. கட்டில் எண், நேரம், துணி, எடை என்று பெரிய சிஸ்டர் கோடு போட்டு வைத்த நோட்டு.

"முப்பத்தொண்ணையும் எழுதிக்கோ" என்றேன்.

"அது யாருக்கும்மா?"

"இவ அக்காளுக்கு. அஞ்சு வருஷத்துக்கு முந்தி. இதே வார்டு, சன்னலோரக் கட்டில்."

அவள் என்னைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள். நோட்டைப் புரட்டினாள். "அப்ப இந்த நோட்டே இல்லையே. எந்தப் பக்கத்துல எழுதுறதுன்னு தெரியலயே எம்மா."

வார்டின் கடைசிக் கட்டிலில் நாடி பிடித்துக்கொண்டிருந்த பெரிய சிஸ்டர், திரும்பாமலே, "மொதப் பக்கத்துல எழுது" என்றார்.

அவள் எழுதி முடிக்கும் வரை நின்று பார்த்தேன். பிறகு பேசினை எடுத்துக்கொண்டு பின்வாசல் குழாயடிக்குப் போய்ப் பச்சைத் தண்ணீரைத் திறந்தேன். நேரமாகிவிட்டிருந்தது. ஒன்பதிலும் கறை நன்றாக ஏறியிருந்தது. அலசினேன். போகவில்லை. போக வேண்டாம் என்று அப்படியே பிழிந்து, அந்தப் பக்கம் போகிற வருகிற எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வேலிக்கம்பியில் வரிசையாக விரித்துப் போட்டேன்.